டுரியான் தோட்டத்துக்கு எந்த விளக்கு? மண்ணெண்ணெய் லாந்தர் வாங்குவதற்கு முன்

பினாங்கில் மண்ணெண்ணெய் விளக்கு தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலிக் பூலாவ் மலைச்சரிவில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழம் விழும் மாதங்களில் இரவு முழுக்கக் குடிசையில் காவல் இருப்பார்கள். அங்கே மின்கம்பி எட்டுவதில்லை. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு அடித்த புயல் மழையில் தீவும் செபராங் பிறையும் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்கள், வீட்டில் மின்சாரம் இல்லாத வெளிச்சம் ஒன்று இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். தெலுக் பஹாங் பக்கம் கூடாரம் போடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். தாத்தா காலத்து அரிக்கேன் விளக்கைப் பார்த்து வளர்ந்ததால் அதே போல ஒன்று வேண்டும் என்பவர்களும் உண்டு.

இவர்களில் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: கோல்டு பிளாஸ்ட் (தீக்குப் புதுக்காற்று மட்டும் இறங்கும்) வகையைச் சேர்ந்த, துத்தநாகப் பூச்சுள்ள சின்ன அரிக்கேன் விளக்கு. கண்ணாடியும் திரியும் தனியாக வாங்கக் கிடைக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. பம்ப் அடித்து எரிக்கும் பெட்ரோமாக்ஸ் வேண்டியவர்கள் சிலரே. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். அடுக்குமாடியில் இருப்பவர், மின்தடைக்கு மட்டும் விளக்கு வேண்டுமென்றால், பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கை வாங்குங்கள். அதில் தீயும் இல்லை, புகையும் இல்லை, வெளிச்சமும் அதிகம். சன்னல் சாத்திய அறையில் பிள்ளைகள் தூங்கும்போது மண்ணெண்ணெய் விளக்கை எரியவிடவே கூடாது. எரியும் எண்ணெய் அறையின் காற்றைக் கெடுக்கும், கார்பன் மோனாக்சைடு சேரும். மண்ணெண்ணெய் விளக்குக்கு உரிய இடம் காற்றோட்டமான வராந்தா, தோட்டக் குடிசை, கடற்கரை, திறந்த கொட்டகை. சார்ஜ் போட வழியில்லாமல் நாள் கணக்கில் வெளிச்சம் வேண்டிய இடத்தில் அதன் அருமை தெரியும்.

சரி, வகைகளுக்கு வருவோம். கடையில் லாந்தர் என்று தொங்குகிற எல்லாம் ஒன்று போலத் தெரியும். அடியில் எண்ணெய்த் தொட்டி, நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் மேலே ஏறும் குழாய், தூக்க ஒரு கைப்பிடிக் கம்பி. அந்தப் பக்கக் குழாய்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. தீக்குக் காற்று அவற்றின் வழியாகத்தான் இறங்குகிறது. எந்தக் காற்று இறங்குகிறது என்பதில்தான் இரண்டு வகைகள் பிரிகின்றன.

ஹாட் பிளாஸ்ட் வகையில், கண்ணாடிக்கு மேலே எழும் சூடான காற்றில் ஒரு பகுதி, வெளிக்காற்றோடு கலந்து, குழாய் வழியே மறுபடி, திரி எரியும் பர்னருக்கு வருகிறது. எரிந்து முடிந்த காற்றில் பிராணவாயு குறைவு, ஆகவே தீ மங்கல். கோல்டு பிளாஸ்ட் வகையில் புகை தனிப் புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும், குழாய்க்குள் புதுக்காற்று மட்டும் இறங்கும். ஒரே அகலத் திரியில் இந்த இரண்டாவது வகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சம் தரும். ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் இரண்டையும் உருவாக்கினார். முதலாவது 1860களின் கடைசியில், மற்றது 1870களின் முதல் பாதியில். நூற்றைம்பது வருடம் கழித்தும் அடிப்படை மாறவில்லை.

கடையில் எப்படிப் பிரித்தறிவது? கண்ணாடியின் மேல் விளிம்பைப் பாருங்கள். விளிம்புக்கும் மேலே தொங்கும் சின்ன மணி போன்ற மூடிக்கும் நடுவில் இடைவெளி திறந்து கிடந்தால் அது ஹாட் பிளாஸ்ட். கண்ணாடி ஒரு தகட்டில் பொருந்தி உட்கார்ந்து, அதற்கு மேல் அகலமான டப்பா ஒன்று இருந்து, அந்த டப்பாவிலிருந்து பக்கக் குழாய்கள் கிளம்பி, நடுவில் தனிப் புகைபோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது கோல்டு பிளாஸ்ட். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இந்த அடையாளம் பொய் சொல்லாது.

மூன்றாவது வகைதான் நாம் பெட்ரோமாக்ஸ் என்றும் கேஸ் லைட் என்றும் சொல்லும் பம்ப் விளக்கு. இதில் திரி இல்லை. பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றிய மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி, மேண்டில் என்ற வலைப்பையை வெள்ளையாக ஒளிரச் செய்கிறது. பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் 1910ஐ ஒட்டி உருவாக்கிய விளக்கு இது. நம் ஊரில் பட்டர்ஃபிளை, ஆங்கர் போன்ற மார்க்குகளில் அதே அமைப்பில் வந்தவைதான் அதிகம் புழங்கின. மின்சாரம் வராத காலத்து எஸ்டேட்டில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் லயத்துக்கு முன்னால் கேஸ் லைட் தொங்கும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடைகளில் ஜெனரேட்டர் வருவதற்கு முன் அதன் இரைச்சல்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த நினைவுகளால்தான் பலர் நேராகப் பெட்ரோமாக்ஸ் தேடிப் போகிறார்கள். போவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது. 500 என்ற எண் போட்ட பெரிய பம்ப் விளக்கு ஒரு லிட்டர் மண்ணெண்ணெயைச் சுமார் எட்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை எரிந்தால் ஒன்றரை லிட்டர் வேண்டும். சின்ன அரிக்கேன் விளக்கு, உதாரணத்துக்கு ஃபோயர்ஹாண்ட் மார்க்கின் 276ஆம் எண் விளக்கு, 340 மில்லிலிட்டர் தொட்டியில் இருபது மணி நேரம் எரியும். அதே பன்னிரண்டு மணி நேரத்துக்கு இருநூறு மில்லிலிட்டர் போதும், ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஐந்து இரவு ஓட்டலாம். மலைப்பாதையில் எண்ணெய் டின்னைத் தோளில் சுமந்து போகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

சூடும் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ பத்து கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. அதை எட்டு மணி நேரத்தில் எரித்தால், அந்த விளக்கு ஆயிரத்து இருநூறு வாட் இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பினாங்கின் புழுக்கமான இரவில், தகரக் கூரைக் குடிசையில், அதைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு உட்கார முடியுமா? சின்ன அரிக்கேன் விளக்கு கக்குவது நூற்றறுபது வாட்டை ஒட்டித்தான். அதுவும் சூடுதான், ஆனால் தாங்கலாம்.

வெளிச்சத்தில் பெட்ரோமாக்ஸ் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. 500 மெழுகுவர்த்தி என்பது கம்பெனி கணக்கு. அதில் பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும் அரிக்கேன் விளக்கு கிட்டேகூட வராது. சின்ன அரிக்கேனின் வெளிச்சம் ஆறேழு மெழுகுவர்த்தி, பெரியதற்குப் பன்னிரண்டு என்பார்கள். புத்தகம் படிக்கப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் குடிசையில் சாப்பிட, பேச, பழத்தைப் பிரித்து அடுக்க, வழியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க இது போதும். தூரத்தில் பழம் விழுந்த இடத்தைத் தேடப் போகும்போது எப்படியும் தலையில் டார்ச் கட்டிக்கொண்டுதான் போவோம். வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சிகள் மொய்க்கும், மழை விட்ட இரவில் ஈசல் கூட்டமாக வந்து விழும். மங்கிய மஞ்சள் வெளிச்சத்துக்கு அவ்வளவு வருவதில்லை. இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

பெட்ரோமாக்ஸ் யாருக்கு? ஐம்பது நூறு பேர் கூடும் தோட்டத்துக் கோயில் திருவிழா, திறந்த வெளிச் சமையல், வெள்ள நிவாரணக் கொட்டகை, இரவு மீன்பிடி. இப்படிப் பெரிய இடம், பெரிய வெளிச்சம் வேண்டும், பக்கத்தில் விளக்கு தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றால் வாங்கலாம். அந்த 'தெரிந்த ஒருவர்' கண்டிப்பாக வேண்டும். ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்ற வேண்டும், சூடு போதாமல் திறந்தால் எண்ணெய் கொழுந்துவிட்டு எரியும், ஊசித் துளை அடைக்கும், பம்ப் வாஷர் காய்ந்து போகும். எரிந்த மேண்டில் சாம்பல் போல மெல்லியது, ஒரு தட்டு பட்டாலே உதிர்ந்துவிடும். பழைய மேண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்திருப்பார்கள். புதியவற்றில் பெரும்பாலும் அது இல்லை. பழைய பாக்கெட் கிடைத்தால் வாங்காமல் விடுங்கள், உடைந்த மேண்டில் தூசியை ஊதவும் வேண்டாம்.

இனி அரிக்கேன் விளக்குக்குள்ளேயே எந்த மார்க்? என் மனதில் முதல் இடம் ஜெர்மனியில் செய்யப்படும் ஃபோயர்ஹாண்டின் 276க்குத்தான். உயரம் இருபத்தாறு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், எடை அரைக் கிலோவை ஒட்டி. இரும்புத் தகட்டில் துத்தநாகப் பூச்சு, கண்ணாடி சூடு தாங்கும் போரோசிலிகேட் வகை. நம் ஊர் மழைக்கு இந்தக் கண்ணாடி ஒன்றுக்காகவே கூடக் காசு கொடுக்கலாம். காய்ந்த கண்ணாடியில் சட்டென்று மழைச்சாரல் அடித்தால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும், இது தாங்கும். தொட்டி, தகட்டு இணைப்பு, பர்னர் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியிருக்கும். குறை என்றால் விலை. அதே உருவத்தில் வரும் பெயரில்லாத விளக்கைவிடப் பல மடங்கு. இன்னொரு குறை, தொட்டி சின்னது. ஒவ்வொரு நாளும் மாலையில் எண்ணெய் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அடுத்தது டீட்ஸ். ராபர்ட் டீட்ஸ் 1840இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய கம்பெனி. 1956இல் ஹாங்காங்கில் தொழிற்சாலை போட்டார்கள், இப்போது வருவது சீனாவில் செய்தது. இதன் பலம் ரகங்கள். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக இருக்கும். ப்ளிஸார்ட் என்ற 80ஆம் எண் விளக்கில் ஒரு லிட்டர் கொள்ளும் தொட்டி, அகலத் திரி, சுமார் இருபத்தேழு மணி நேர எரிப்பு. ஜூப்பிடர் என்பதில் தொட்டி இன்னும் பெரியது, ஒரு தடவை ஊற்றினால் மூன்று நாள் இரவு பகலாக எரியும் அளவு. வராந்தாவில் நாலு பேர் உட்கார்ந்து பேச வெளிச்சம் வேண்டுமென்றால் 276ஐ விட ப்ளிஸார்ட் பொருத்தம். ஆனால் எண்ணெய்ச் செலவும் இரண்டு மடங்குக்கு மேல். வேலைப்பாட்டில் ஃபோயர்ஹாண்டின் நேர்த்தி இல்லை, ஒன்று போல ஒன்று இருப்பதுமில்லை. டீட்ஸ் வாங்கினால் சோதித்து வாங்குங்கள். சோதனை எப்படி என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, இணையக் கடைகளில் குவிந்து கிடக்கும் பெயரில்லாத மலிவு விளக்குகள். அவற்றில் நல்லதும் இருக்கும், ஆனால் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பித்தளை நிறத்தில் மினுங்குவது பெரும்பாலும் மேலே அடித்த பெயிண்ட்தான். அலங்காரச் சாமான் கடைகளில் தொங்குவதை விளக்காக எண்ணவே வேண்டாம்.

கடற்காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீவில் எந்தப் பக்கம் இருந்தாலும் உப்புக் காற்று வந்து சேரும். தஞ்சோங் பூங்காவில் தொங்கும் விளக்குக்கும் கோலாலம்பூரில் தொங்கும் விளக்குக்கும் ஆயுள் ஒன்றல்ல. பெயிண்ட் அடித்த தகரம் முதலில் கீறல் விழுந்த இடத்தில், அப்புறம் தொட்டியின் அடியில் துருப் பிடிக்கும். துத்தநாகப் பூச்சு அதைவிட நாள் தாங்கும். உண்மையான பித்தளைக்குத் துருவே இல்லை, ஆனால் விலை அதிகம், இரவல் கேட்டுத் தூக்கிப் போகிறவர்களும் அதிகம். வெளித்துருவை நாம் பார்த்துவிடுவோம். உள்ளே பிடிப்பதுதான் ஆபத்து. மண்ணெண்ணெயில் கலந்த தண்ணீர் அடியில் தங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். மாதக்கணக்கில் எடுக்காத விளக்கில் எண்ணெயை வடித்துவிட்டு வைப்பது நல்லது.

கடையில் விளக்கைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது கண்ணாடி உட்காரும் இடம். பக்கத்து நெம்புகோலை அழுத்திக் கண்ணாடியைத் தூக்கி, விட்டுப் பாருங்கள். மேலும் கீழும் சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால், காற்று அந்த வழியாக நுழைந்து தீயை ஆட்டும், கண்ணாடியும் ஒரு பக்கம் கரி பிடிக்கும். காற்றில் அணையாதது என்ற பெயரே இந்தப் பொருத்தத்தில்தான் நிற்கிறது. அடுத்தது திரித் திருகு. திருகினால் திரி நேராக ஏற வேண்டும், ஒரு மூலை முந்திக்கொண்டு வரக் கூடாது. பர்னர் மூடியின் கீறல் திரிக்கு நேர் மேலே நடுவாக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். கோணலாக இருந்தால் தீயின் ஒரு முனை கொம்பு போல நீளும், புகையும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடிக்குள் வாஷர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெயிண்ட், பளபளப்பு, பெட்டி, இவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

கசிவைக் கடையில் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் பாதித் தொட்டி எண்ணெய் ஊற்றி, பழைய நாளிதழ் மேல் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் தாளில் எண்ணெய் வட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆகவே திருப்பி வாங்கிக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். ஈயம் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய் பட்ட தொட்டிக்குள் ஆவி நின்றிருக்கும், அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டு போவது உயிரோடு விளையாடுவது.

பழைய விளக்கில் ஆசை உள்ளவர்கள் ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் காலைச் சந்தைக்குப் போகலாம். பழைய சாமான்களுக்கு நடுவில் ஜெர்மன் விளக்குகள் அகப்படுவது உண்டு. தகட்டில் 'வெஸ்டர்ன் ஜெர்மனி' என்று அடித்திருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தது, வேலைப்பாடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கைப்பேசி வெளிச்சத்தை எண்ணெய் வாய்க்குள் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் நிறத்தில் பொறுக்கு இருந்தால், வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும், அலமாரியில் வைக்க மட்டும் வாங்குங்கள். கண்ணாடி அந்த விளக்குக்கே உரியதா என்றும் கவனிக்க வேண்டும். உடைந்ததற்குப் பதிலாக வேறு அளவு கண்ணாடியைத் திணித்து வைத்திருப்பார்கள்.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மண்ணெண்ணெய் இப்போது எல்லா எண்ணெய் நிலையங்களிலும் கிடைப்பதில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். டீசல் ஊற்றினால் புகையும் நாற்றமும்தான் மிச்சம். பெட்ரோல் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியஸுக்கு மேல்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும், பெட்ரோலோ உறைபனிக் குளிரிலும் விடும். பெட்ரோல் இருந்த டின்னில் மண்ணெண்ணெய் வாங்கி வருவது அதனால்தான் அவ்வளவு ஆபத்து. அந்த 38 பாகையையும் மறக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு அதைத் தாண்டிவிடும். எண்ணெய் டின்னையும் நிரப்பிய விளக்கையும் காரில் விட்டுப் போகாதீர்கள். தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல், சூட்டில் எண்ணெய் விரிய இடம் விடுங்கள். எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது, அணைத்து ஆறவிட்டுத்தான்.

புதுத் திரியை அரை மணி நேரமாவது எண்ணெயில் ஊறவிட்டு ஏற்றுங்கள். காய்ந்த திரியில் தீ வைத்தால் எண்ணெய்க்குப் பதிலாகப் பஞ்சுதான் கருகும். முதலில் சின்னதாக எரியவிட்டு, கண்ணாடி சூடானபின் உயர்த்தினால் கரி பிடிக்காது.

கடைசியாக, முடிவு செய்ய முடியாமல் இரண்டு விளக்குக்கு நடுவில் நிற்பவர்களுக்கு: எதற்குக் கண்ணாடி தனியாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். அரிக்கேன் விளக்கு பழுதாகிப் போவதைவிடக் கண்ணாடி உடைந்து மூலையில் கிடப்பதுதான் அதிகம். விளக்கோடு சேர்த்தே ஒரு கண்ணாடியும் நாலைந்து திரியும் வாங்கிவிடுங்கள். மார்க் தெரியாத விளக்காக இருந்தால், கண்ணாடி முழுசாக இருக்கும்போதே அதன் உயரம், மேல் வாய், அடி வாய் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து, தொட்டியின் அடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். உடைந்த பிறகு சில்லை எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனால் கடைக்காரரால் எதுவும் சொல்ல முடியாது.